ஒரு வாட் மிச்சம்: புவியின் வெப்பக் கணக்கு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் விஞ்ஞானி அல்லன். சிங்கப்பூரில் முப்பத்தைந்து ஆண்டுகள் குளிரூட்டிகளைப் பொருத்தியும் பழுதுபார்த்தும் பிழைத்தவன். பணி ஓய்வுக்குப் பிறகு, எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் மாதம் ஒரு ஞாயிறு தமிழில் அறிவியல் பேசிக்கொண்டிருக்கிறோம். இருபது பேர் வருவார்கள். மழை பெய்தால் ஏழு பேர். அங்கே வீரபத்ரன் இராமநாதன் என்ற வளிமண்டல அறிவியலாளரையும், அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்த புவியின் வெப்பக் கணக்கையும் பற்றி மூன்று கூட்டங்கள் பேசினேன். கூட்டம் முடிந்து காப்பிக் கடைக்குப் போனால் அங்கும் கேள்விகள் விடவில்லை. பெரும்பாலும் அதே கேள்விகள். எழுதி வைத்துவிட்டால் என் தொண்டை பிழைக்கும்.

யார் இந்த இராமநாதன்? குளிரூட்டிக்காரருக்கு அவரிடம் என்ன வேலை?

1944இல் தமிழ்நாட்டில் பிறந்தவர். பதினொரு வயதில் குடும்பம் பெங்களூருக்குப் பெயர்ந்தது. அதுவரை தமிழில் படித்த பையன், ஆங்கில வகுப்பில் ஒன்றும் பிடிபடாமல் உட்கார்ந்திருந்தான். ஆசிரியர் சொல்வதைக் காதில் வாங்குவதை விட்டுவிட்டு எதையும் தானே யோசித்துக் கண்டுபிடிக்கும் பழக்கம் அப்போதுதான் வந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்தார். பிறகு செகந்திராபாத்தில் குளிர்பதனப் பெட்டி நிறுவனம் ஒன்றில் வேலை. அங்கே அவர் பார்த்தது, பெட்டிக்குள் இருக்கும் வாயு கசிந்து போகாமல் தடுக்கும் வேலை.

அந்த வேலை எனக்குத் தெரியும். குழாய் இணைப்பில் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவிவிட்டுக் கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது. முப்பது எண்ணுவதற்குள் நட்டின் ஓரத்தில் கடுகளவு குமிழி ஒன்று எழும்பும். மெல்ல மிளகளவு ஆகும், உடையும், அதே இடத்தில் மறுபடி எழும்பும். கசிவு என்பது அவ்வளவுதான். காதுக்குக் கேட்காது, மூக்குக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்து வாடிக்கையாளர் கூப்பிட்டு, குளிரவே மாட்டேன் என்கிறது என்பார். வாயுவை நிரப்பிவிட்டு வருவோம். போன வாயு எங்கே போனது என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

இராமநாதன் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் மேற்படிப்பு முடித்துவிட்டு, 1970இல் அமெரிக்காவின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பொறியியல் ஆய்வு செய்யத்தான் போனார். அவருக்கு வாய்த்த பேராசிரியர் ராபர்ட் செஸ் அதற்குள் வெள்ளி, செவ்வாய் ஆகியவற்றின் வளிமண்டலத்துக்கு மாறிவிட்டிருந்தார். (வெள்ளி என்றதும் நம் ஊரில் காசு நினைவுக்கு வரும், இது கோள்.) மாணவரும் கூடவே மாறினார். 1974இல் முனைவர் பட்டம். அடுத்த ஆண்டே அந்தப் பழைய வாயு அவர் கையில் வேறு உருவத்தில் வந்து சேர்ந்தது. அதற்கு முன் கணக்கைப் பார்த்துவிடலாம்.

வெப்பக் கணக்கு என்றால் என்ன?

ஓர் அறைக்கு எவ்வளவு பெரிய குளிரூட்டி வேண்டும் என்று எப்படி முடிவு செய்வோம்? மேற்குப் பார்த்த சன்னல் இருந்தால் மாலை வெயில் எவ்வளவு வெப்பத்தைக் கொண்டுவருகிறது, உள்ளே எத்தனை பேர் (சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒருவர் ஏறத்தாழ 100 வாட்), தொலைக்காட்சி எவ்வளவு, சுவர் எவ்வளவு என்று கூட்டுவோம். உள்ளே வரும் வெப்பமும் வெளியே தள்ளும் வெப்பமும் சமமானால் அறை ஒரே நிலையில் நிற்கும். தள்ளுவது கொஞ்சம் குறைந்தாலும் அறை சூடேறும்.

புவிக்கும் இதே கூட்டல்தான். சூரியனுக்கு நேராக விண்வெளியில் ஒரு சதுர மீட்டர் பலகையை நீட்டினால் அதில் 1,361 வாட் விழும். ஆனால் புவி உருண்டை. பாதிக்கு இரவு, மீதியிலும் பெரும்பகுதி சாய்வாகத்தான் வெயிலைப் பார்க்கிறது. ஓர் ஆரஞ்சுப் பழத்தின் நிழல் ஒரு வட்டம். அதன் தோலை உரித்துப் பரப்பினால் அந்த வட்டத்தைப் போல நான்கு மடங்கு வரும். ஆகவே 1,361ஐ நான்கால் வகுக்க வேண்டும். சதுர மீட்டருக்கு 340 வாட். இதில் ஏறத்தாழ 100 வாட்டை மேகம், பனி, பாலைவன மணல், காற்றில் மிதக்கும் துகள்கள் எல்லாம் சேர்ந்து வந்த வழியே திருப்பிவிடுகின்றன. உள்ளே வந்து தங்குவது 240.

வெளியே போகும் வழி ஒன்றே ஒன்று. விண்வெளியில் காற்று இல்லை, தண்ணீர் இல்லை, வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போக எதுவும் இல்லை. சூடான பொருள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை வீசும். தோசைக்கல்லைத் தொடாமலே கையில் சூடு படுகிறதே, அது. புவியும் அப்படித்தான் தன் 240 வாட்டை வெளியே வீச வேண்டும். வளிமண்டலத்தில் அதைத் தடுக்க எதுவும் இல்லாமலிருந்தால், புவியின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 18 டிகிரியில் நின்றிருக்கும். உண்மையில் 15 டிகிரி அளவில் இருக்கிறது. இடையிலுள்ள 33 டிகிரி, நீராவியும் கரியமில வாயுவும் இன்னும் சில வாயுக்களும் போட்ட போர்வை. அந்தப் போர்வை இல்லாமல் நீங்களும் இல்லை, நானும் இல்லை. அதை யாரும் குறை சொல்லவில்லை. போர்வை தடித்துக்கொண்டே போவதுதான் பிரச்சினை.

அந்த வாயுக்களைப் ‘பசுமைக்குடில் வாயு’ என்று ஏன் சொல்கிறார்கள்?

குளிர்நாட்டுக்காரர்கள் செடிக்குச் சூடு கொடுக்கக் கண்ணாடிக் கூடம் கட்டினார்கள். அந்த ஒப்புமையை நாமும் வாங்கிக்கொண்டோம். சிங்கப்பூரில் இந்த உவமை தலைகீழ். கரையோரப் பூந்தோட்டங்களில் இருக்கும் பெரிய கண்ணாடிக் கூடங்களுக்குள் நாம் போவதே குளிருக்காக. போதாக்குறைக்குக் கண்ணாடிக் கூடம் சூடாவது பெரும்பாலும் காற்று வெளியேற முடியாததால். எனக்குப் போர்வைதான் சரியாகப் படுகிறது.

உள்ளே வருவதும் வெளியே போவதும் இப்போது எவ்வளவு வேறுபடுகின்றன?

ஒரு வாட் அளவு. கொஞ்சம் கூடலாம், குறையலாம். ஆண்டுக்கு ஆண்டு மாறும். 240இல் ஒன்று.

இவ்வளவுதானா என்று ஓர் அம்மா கேட்டார். பூசையறையில் இரவு முழுக்க எரியும் சின்ன எல்இடி விளக்கு ஒரு வாட் இருக்கும். அதைச் சதுர மீட்டருக்கு ஒன்று வீதம் புவி முழுக்க, கடல் மேலும் மலை மேலும் பனிப்பாலைவனத்திலும் வரிசையாக வைத்து, பகலும் இரவும் அணைக்காமல் விட்டுவிடுங்கள். புவியின் பரப்பு 51 கோடி சதுர கிலோமீட்டர். பெருக்கிப் பார்த்தால், உலகத்தார் எல்லாரும் சேர்ந்து பயன்படுத்தும் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, அணுமின், நீர்மின் அத்தனை ஆற்றலையும் போல ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு வருகிறது. அது ஒவ்வொரு நொடியும் உள்ளே சேர்கிறது.

சேர்வது எங்கே என்பதுதான் எனக்கு முதலில் வியப்பளித்தது. ஏறத்தாழ 90 விழுக்காடு கடலுக்குள். நிலத்துக்கு ஐந்தாறு விழுக்காடு. பனி உருகுவதற்கு நான்கு. நாம் வெப்பநிலைமானியால் அளந்து செய்தியில் பேசுகிற காற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு விழுக்காடு.

இவ்வளவு சிறிய வேறுபாட்டை எப்படி அளந்தார்கள்?

நல்ல கேள்வி. இதைக் கேட்டவர் கணக்கர், அதனால்தான் கேட்டார்.

செரிஸ் என்ற கருவிகள் 2000 முதல் செயற்கைக்கோள்களில் இருந்தபடி, புவியிலிருந்து திரும்பும் ஒளியையும் வெளியேறும் வெப்பத்தையும் அளந்து வருகின்றன. ஆண்டுக்கு ஆண்டு ஏற்படும் மாற்றத்தை அவை மிகத் துல்லியமாகக் காட்டும். ஆனால் 340, 240 போன்ற பெரிய எண்களைத் தனித்தனியாக அளந்து கழிக்கும்போது, கருவியின் பிழையே சில வாட் வந்துவிடுகிறது. நூறு கிலோ எடைபோடும் தராசில் ஏறி நின்று, காது தோட்டின் எடையைக் கண்டுபிடிக்கும் கதை.

ஆகவே கடலைக் கேட்டார்கள். ஆர்கோ என்ற மிதவைகள் ஏறத்தாழ 4,000 உலகக் கடல்களில் அலைகின்றன. ஒவ்வொன்றும் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் மிதந்து, பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, வெப்பநிலையை அளந்துகொண்டே மேலேறி வந்து, செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பிவிட்டு மறுபடி மூழ்கும். மிச்சம் பெரும்பாலும் கடலில்தான் சேர்கிறது என்றால், கடல் எவ்வளவு சூடேறியது என்று பார்த்தால் மிச்சம் தெரிந்துவிடும். வங்கிப் புத்தகத்தை ஒரு பக்கமும் கல்லாப்பெட்டியை ஒரு பக்கமும் வைத்து ஒப்பிடுவது போல. 2021இல் வெளிவந்த ஆய்வில் இந்த இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் ஒரே விடையைச் சொல்லின: 2005க்கும் 2019க்கும் இடையில் அந்த மிச்சம் ஏறத்தாழ இரட்டிப்பானது.

கணக்கருக்கு அதற்குப் பிறகுதான் காப்பி இறங்கியது.

1975இல் அவர் கண்டுபிடித்தது என்ன?

அதற்கு முந்தின ஆண்டு, குளிர்பதன வாயுக்களான குளோரோபுளோரோகார்பன்கள் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மொலினா, ரோலண்ட் என்ற இருவர் எழுதியிருந்தார்கள். எல்லாரும் ஓசோனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது இராமநாதன் வேறொன்றைக் கேட்டார்: அந்த வாயு வெப்பத்தை என்ன செய்யும்?

புவி வீசும் அகச்சிவப்புக் கதிர் பல அலைநீளங்களில் போகிறது. நீராவியும் கரியமில வாயுவும் அவற்றில் பெரும்பாலானவற்றை அடைத்துவிடுகின்றன. 8 முதல் 12 மைக்ரோமீட்டர் வரை உள்ள பகுதியை மட்டும் அவை ஏறத்தாழத் திறந்தே விட்டிருக்கின்றன. வீடு முழுக்க அடைத்தாயிற்று, ஒரு சன்னல் வழியாகத்தான் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். குளோரோபுளோரோகார்பன் போய் நிற்பது சரியாக அந்தச் சன்னலில். அதனால்தான் கொஞ்சம் இருந்தாலும் அவ்வளவு பாதிப்பு. ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் பத்தாயிரம் மூலக்கூறுகளுக்கும் மேலான வேலையைச் செய்கிறது என்று கணக்கிட்டு, 1975 அக்டோபரில் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்.

அதுவரை புவி சூடேறுவது என்றால் கரியமில வாயு என்றே பேச்சு. 1985இல் இராமநாதனும் மூவரும் சேர்ந்து, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு போன்ற சிறு வாயுக்கள் எல்லாம் கூடினால் கரியமில வாயுவுக்கு இணையாகச் சூடேற்றக்கூடும் என்று காட்டினார்கள். இடையில் 1980இல், ரோலண்ட் மேடன் என்ற வேறொருவருடன் எழுதிய கட்டுரையில், சூடேறுவது 2000 வாக்கில் அளவீடுகளில் தெளிவாகத் தென்பட்டுவிடும் என்றார். 2001இல் வந்த, பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசாங்கக் குழுவின் அறிக்கை கிட்டத்தட்ட அதையே உறுதிப்படுத்தியது. இருபது ஆண்டு முன்பே நாள் குறித்துவிட்டுக் காத்திருப்பது எல்லாருக்கும் வாய்க்காது.

குளோரோபுளோரோகார்பன்களைக் கைவிடச் செய்த 1987இன் மாண்ட்ரியல் உடன்படிக்கை ஓசோனைக் காக்க வந்தது. புவி சூடேறுவதையும் அது பெரிய அளவில் மட்டுப்படுத்தியது. அது தற்செயலாகக் கிடைத்த இலாபம்.

சரி, இப்போது வரும் குளிரூட்டிகளில் என்ன வாயு?

என் தொழில் என்பதால் இதற்குக் கொஞ்சம் நீட்டி முழக்க அனுமதியுங்கள். ஒரு கிலோ கரியமில வாயு நூறாண்டில் தரும் வெப்பத்தை 1 என்று வைத்தால், நான் வேலைக்குச் சேர்ந்த காலத்து ஆர்-12 வாயுவுக்கு 10,900. அதற்குப் பின் நெடுநாள் ஓடிய ஆர்-22க்கு 1,810. ஓசோனுக்குக் கேடில்லாதது என்று வந்த ஆர்-410ஏ, ஓசோனைத் தொடவில்லை. ஆனால் வெப்பத்தில் 2,088. ஒரு நோய்க்கு மருந்து கொடுத்து இன்னொரு நோயை வாங்கிக்கொண்டோம். இப்போது வீட்டுக் குளிரூட்டிகளில் பெரும்பாலும் ஆர்-32, அது 675.

சிங்கப்பூரில் 2022 அக்டோபர் 1 முதல், வீட்டுக் குளிரூட்டியில் இந்த எண் 750க்கு மேல் இருந்தால் விற்பனைக்கு வழங்கக் கூடாது என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் விதித்தது. நல்ல விதி. ஆனால் 675 என்பதும் சிறிய எண் அல்ல. வாயு குழாய்க்குள் இருக்கும்வரை எந்தக் கேடும் இல்லை. பழுதுபார்க்க வருபவர் குழாயைக் கழற்றும் முன் வாயுவை உருளைக்குள் திரும்ப இழுத்துக்கொள்கிறாரா என்று கவனியுங்கள். அதற்கென்று இயந்திரம் இருக்கிறது. ‘உஸ்’ என்று சத்தம் வந்தால், அவர் அவசரத்தில் இருக்கிறார்.

மேகம் குளிர்ச்சியா, சூடா?

இரண்டும். இதைப் புரிந்துகொள்ள நமக்குச் செயற்கைக்கோள் வேண்டாம். புழுக்கம் என்ற சொல் போதும்.

பகலில் மேகம் வந்தால் நிழல். வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. இரவில் மேகம் மூடினால் தரையின் சூடு மேலே போக முடியாமல் நம்மோடு தங்கிவிடுகிறது. ஒரே மேகம் பகலில் குடை, இரவில் மூடி. மொத்தத்தில் எது மிஞ்சுகிறது என்பதுதான் 1980கள் வரை யாருக்கும் விடை தெரியாத கேள்வி. கணினி மாதிரிகள் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தன.

1984 அக்டோபரில் சேலஞ்சர் விண்ணோடம் ஒரு செயற்கைக்கோளை விண்ணில் விட்டது. புவியின் கதிர்வீச்சுக் கணக்கைப் பார்ப்பதற்கென்றே செய்தது. இராமநாதனும் அவர் குழுவும் அதன் அளவீடுகளில் மேகம் இருந்த இடத்தையும் இல்லாத இடத்தையும் பிரித்துக் கழித்தார்கள். 1985 ஏப்ரல் மாதத்துக்கு விடை: மேகங்கள் சதுர மீட்டருக்கு 44.5 வாட் வெயிலைத் திருப்புகின்றன, 31.3 வாட் வெப்பத்தைப் பிடித்து வைக்கின்றன. நிகரமாக ஏறத்தாழ 13 வாட் குளிர்ச்சி. 1989இல் இது வெளிவந்தது. காற்றிலுள்ள கரியமில வாயு இரண்டு மடங்கானால் ஏறும் அளவே 4 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. மேகத்தின் கையில் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல் இருக்கிறது. சூடேறும் உலகில் மேகங்கள் கொஞ்சம் குறைந்தாலோ இடம் மாறினாலோ மொத்தக் கணக்கும் மாறும். அந்த ஒரு வாட் மிச்சம் இரட்டிப்பானது என்று மேலே சொன்னேனே, அதிலும், மேகமும் பனியும் திருப்பி அனுப்பும் வெயில் குறைந்ததற்குப் பெரிய பங்கு உண்டு.

இதோடு அவர் நிற்கவில்லை. 1991இல் வில்லியம் காலின்ஸ் என்பவருடன் சேர்ந்து இன்னும் துணிச்சலான ஒன்றைச் சொன்னார். நம் சிங்கப்பூரைச் சுற்றியும் மேற்குப் பசிபிக்கிலும் உள்ள கடல்தான் உலகிலேயே பரந்த வெந்நீர்ப் பரப்பு. அது ஏன் 32 டிகிரியைத் தாண்டுவதில்லை? கடல் சூடேறினால் இடிமேகம் உயரே எழும்பி, உச்சியில் பனித்துகள் மேகமாக விரிந்து, குடையாகி வெயிலைத் தடுக்கிறது. கடல் தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்கிறது என்றார். குளிரூட்டியில் இருக்கும் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியைப் போல. எனக்கு உடனே பிடித்துப்போனது. ஆனால் மற்ற அறிவியலாளர்கள் விடவில்லை. ஓரிடத்து மேகத்தை மட்டும் பார்க்கக் கூடாது, காற்றோட்டம் வெப்பத்தை எங்கெங்கோ கொண்டுபோகிறது, அதுவும் கணக்கில் வேண்டும் என்று மறுத்தார்கள். மறுப்பில் நியாயம் இருந்தது. பெரிய ஆள் சொன்னதற்காக ஒரு கருத்து நின்றுவிடுவதில்லை என்பதற்காகவே இதைக் கூட்டத்தில் சொன்னேன்.

புகைமூட்டம் வந்தால் வெயில் குறைகிறதே. அப்படியானால் புகை நல்லதா?

2013 ஜூன் 21ஆம் தேதி நினைவிருக்கிறதா? காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்ட நாள். நான் பத்தாவது மாடியில் வெளிப்புற இயந்திரம் ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தேன். தகட்டிலிருந்து வழிந்த தண்ணீர் பழுப்பாக இருந்தது. எதிர்ப் புளோக் தெரியவில்லை. சூரியன் பழைய செம்புக் காசு போல ஒட்டிக்கொண்டிருந்தது. வெயிலே படவில்லை, ஆனால் குளிர்ந்ததாகவும் இல்லை.

அதற்குக் காரணத்தை இராமநாதன் 1999இலேயே அளந்திருந்தார். ஓசோன் ஆய்வுக்காக நோபெல் பெற்ற பால் குருட்சனுடன் சேர்ந்து இந்தியப் பெருங்கடலில் நடத்திய பெரும் ஆய்வு அது. மாலத்தீவுகளைத் தளமாகக் கொண்டு விமானம், கப்பல், செயற்கைக்கோள் எல்லாவற்றையும் இறக்கினார்கள். தெற்காசியாவின் அடுப்பு, வண்டி, ஆலை, எரியும் வயல் ஆகியவற்றின் புகை, கடல்மேல் மூன்று கிலோமீட்டர் உயரத்துக்குப் பழுப்பு மேகமாகப் படர்ந்திருந்தது. அதன் அடியில் கடலில் விழும் வெயில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருந்தது. குறைந்த வெயில் எல்லாம் விண்வெளிக்குத் திரும்பவில்லை. புகையிலுள்ள கரி அதில் ஒரு பகுதியை விழுங்கி, நடுக்காற்றைச் சூடாக்கியது. தரை மங்கும், காற்று காயும். பின்னாளில் சிறிய ஆளில்லா விமானங்கள் மூன்றை ஒன்றின்மேல் ஒன்றாகப் பறக்கவிட்டு, மேகத்துக்குக் கீழும் உள்ளும் மேலும் ஒரே நேரத்தில் அளந்து இதை உறுதிசெய்தார்.

விறகு அடுப்பின் கரி இவ்வளவு செய்கிறது என்று தெரிந்த பிறகு, இந்தியக் கிராமங்களில் நல்ல அடுப்பு கொடுக்கும் திட்டம் ஒன்றையும் தொடங்கினார்.

ஆனால் எல்லாப் புகையும் கரி அல்ல. கந்தகப் புகை வெண்மையானது. வெயிலைத் திருப்பிப் போர்வையின் சூட்டில் ஒரு பங்கை மறைத்து வைக்கிறது. கிழக்குக் கடற்கரைப் பூங்காவில் உட்கார்ந்தால் கண்ணுக்கு எட்டியவரை நங்கூரமிட்டு நிற்கின்றனவே கப்பல்கள், அவற்றின் எரிபொருளில் 3.5 விழுக்காடு வரை கந்தகம் இருக்கலாம் என்ற வரம்பு, 2020 ஜனவரி 1 முதல் 0.5 ஆகக் குறைந்தது. நம் நுரையீரலுக்கு மிக நல்லது. மறைந்திருந்த சூட்டில் கொஞ்சம் அதனால் வெளியே வந்தது. இதைச் சொன்னதும், அப்படியானால் புகையை விட்டுவைக்கலாமே என்றார் டாக்சி ஓட்டும் நண்பர். துகள் ஒன்றிரண்டு வாரத்தில் மழையோடு இறங்கிவிடும் அண்ணே, கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். கடனை மறைக்க நாள்தோறும் கைமாற்று வாங்குவது எத்தனை நாளைக்கு?

சூரியனே கூடுதலாகக் காய்கிறது என்கிறார்களே?

1978 முதல் செயற்கைக்கோளில் அளக்கிறார்கள். பதினொரு ஆண்டுச் சுழற்சியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான். இன்னொரு சாட்சியும் இருக்கிறது: சூரியன் காரணமானால் மேல் வளிமண்டலமும் சூடேற வேண்டும். அது குளிர்ந்துகொண்டிருக்கிறது. போர்வை தடித்தால்தான் அப்படி நடக்கும்.

அங் மோ கியோவில் 37 டிகிரி ஏறியதும் இதனால்தானா?

2023 மே 13 அன்று ஏறியது. 1983 ஏப்ரலில் தெங்காவில் பதிவான உச்சத்துக்குச் சமம். ஒரு நாள் வெப்பத்தை இந்த ஒரு வாட்டின் தலையில் மட்டும் கட்டக் கூடாது. சிங்கப்பூரில் இரண்டு சூடுகள் கலந்திருக்கின்றன. ஒன்று உலகச் சூடு. இன்னொன்று ஊர்ச் சூடு: கான்கிரீட்டும் தார்ச்சாலையும் பகலில் வாங்கி இரவில் விடுவது. இரவில் ஆர்ச்சர்ட் ரோட்டுக்கும் லிம் சூ காங்கின் தோட்டப் பகுதிக்கும் 7 டிகிரி வரை வேறுபாடு வருவதுண்டு.

குளிரூட்டியின் வெளிப்புற இயந்திரம் தள்ளும் காற்று ஊர்ச் சூட்டில் சேரும். பக்கத்து வீட்டுச் சன்னலைக் கேட்டால் சொல்லும். ஆனால் உலகக் கணக்கில், மனிதர்கள் எரித்து நேரடியாக விடும் வெப்பம் முழுவதையும் புவிமேல் பரப்பினால் சதுர மீட்டருக்கு 0.04 வாட் அளவே. குளிரூட்டியின் பெரிய பாவம் அந்த வெப்பக் காற்று அல்ல. அதை ஓட்டும் மின்சாரம். நம் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவை எரித்து வருகிறது.

புவிக்கே ஒரு பெரிய குளிரூட்டி வைத்தால் என்ன, அங்கிள்?

உயர்நிலை இரண்டில் படிக்கும் பையன் கேட்டான். சிரித்தவர்களை நான் முறைத்தேன்.

தம்பி, குளிரூட்டி வெப்பத்தை அழிப்பதில்லை. உள்ளே இருப்பதை எடுத்து வெளியே வைக்கிறது, கூடவே தன் மோட்டார் சூட்டையும் சேர்த்து. புவிக்கு ‘வெளியே’ என்பது விண்வெளி. அங்கே குழாய் போட முடியாது, கதிராகத்தான் அனுப்ப முடியும். ஆனால் நீ கேட்டதன் சின்ன வடிவம் ஒன்று நடக்கிறது. வெயிலைத் திருப்பிவிட்டு வெப்பத்தை எளிதாக வீசும் வண்ணப்பூச்சுகள் வந்திருக்கின்றன. தெம்பனிசில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் சோதனையாகப் பூசத் தொடங்கினார்கள். ஊர்ச் சூட்டுக்கு அது உதவும்.

கடல் சூடேறினால் நமக்கென்ன?

சூடான நீர் விரியும். உலகக் கடல்மட்டம் உயர்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு அந்த விரிவே காரணம். மீதி பெரும்பாலும் உருகும் பனி. 2024 ஜனவரியில் சிங்கப்பூர்ப் பருவநிலை ஆய்வு நிலையம் வெளியிட்ட மதிப்பீட்டில், 2100க்குள் நம் கரையில் 0.23 முதல் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்றிருக்கிறது. நாம் எவ்வளவு எரித்துப் புகை விடுகிறோம் என்பதைப் பொறுத்தது அந்த வேறுபாடு. தீவின் ஏறத்தாழ 30 விழுக்காடு நிலம் கடல்மட்டத்துக்கு மேல் 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. நூறு ஆண்டுகளில் 100 பில்லியன் வெள்ளியோ அதற்கு மேலோ செலவாகலாம் என்று 2019 தேசிய தினப் பேரணியில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சொன்னது இதற்குத்தான்.

அவருக்கு நோபெல் கிடைத்ததா?

தமிழர் கூட்டத்தில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. இல்லை. 2021இல் பருவநிலை அறிவியலுக்காக இயற்பியல் நோபெலைப் பெற்றவர்களில் சியுகுரோ மனாபேயும் கிளவுஸ் ஹாசல்மனும் உண்டு. இராமநாதனுக்கு 2009இல் டைலர் பரிசு, 2018இல் ஜேம்ஸ் ஹான்சனுடன் தைவானின் தாங் பரிசு. கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியர். போப்பாண்டவரின் அறிவியல் கழகத்திலும் உறுப்பினர். பரிசுப் பட்டியலைவிடச் செகந்திராபாத் வேலைதான் எனக்கு நெருக்கம்.

நீங்கள் எப்போதாவது வாயுவைத் திறந்துவிட்டதுண்டா?

கடைசி வரிசையில் இருந்த பெண் கேட்டார். பட்டென்று பதில் வரவில்லை எனக்கு.

உண்டு. 1980களில் நான் வேலைக்குப் புதிது. ஓர் உணவுக்கடையின் குளிர் அறையைப் பிரிக்கச் சொன்னார்கள். அமைப்புக்குள் பத்துக் கிலோ அளவுக்கு ஆர்-12 இருந்தது. அதைப் பிடித்து வைக்கும் கருவி எங்களிடம் இல்லை. வேண்டும் என்று யாரும் நினைக்கவுமில்லை. மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் வால்வைத் திறந்தேன். குழாயின் வாயில் வெண்பனி படிந்தது, விரலை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். முதலில் சீற்றம், பிறகு முனகல், கால் மணி நேரத்தில் அமைதி. மணமில்லாத வாயு என்பதால் கடைக்காரர் பக்கத்திலேயே நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்துக்குத் தயாரானபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்துக் கிலோ, 10,900 மடங்கு: 109 டன் கரியமில வாயுவுக்குச் சமம். டன்னுக்கு 45 வெள்ளி என்று 2026க்கு நிர்ணயித்த கரிம வரியில் பெருக்கினால் 4,905 வெள்ளி. எனக்கு அன்று நாள் கூலி அதில் தூசு.

ஆர்-12 காற்றில் நிற்கும் ஆயுள் ஏறத்தாழ நூறு ஆண்டு. அந்த உணவுக்கடை மூடிவிட்டார்கள். கட்டடத்தையும் இடித்துவிட்டு அங்கே கூட்டுரிமை வீடுகள் கட்டிவிட்டார்கள். வாயுவில் மூன்றில் இரண்டு பங்கு இன்னும் மேலே இருக்கிறது.